ஏறும் கொடியும் படரும் செடியும்

நர்சரிக்குப் போனால் எல்லோரும் பூவின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். கொடி வாங்கும்போது அது எப்படி ஏறும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சங்குப்பூவின் தண்டு தானாகவே சுற்றிக்கொண்டு ஏறும். நைலான் கயிறு கட்டிவிட்டால் போதும். காகிதப்பூவுக்குச் சுற்றத் தெரியாது. முள்ளால் மாட்டிக்கொண்டு பக்கத்துக் கிளைமேல் சாயும். அதை நாம்தான் இழுத்துக் கட்டவேண்டும். தண்ணீரையும் குறைக்க வேண்டும். தாராளமாக ஊற்றினால் இலைதான் மண்டும், பூ வராது.

வெயில் தாங்கும் கொடிகளில் என் முதல் தேர்வு ரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக விரியும் பூ, அடுத்தடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகிப் பிறகு நல்ல சிவப்பாகிறது. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தெரிவது இதனால்தான். முதல் இரவின் வெள்ளையும் வாசனையும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. பூக்குழாய் மிக நீளம்; அடியிலுள்ள தேனை எட்ட அவற்றின் நீண்ட உறிஞ்சுகுழல் தேவை. நிறம் மாறிய பூக்களைத் தேடிப் பகலில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும்.

இலை உதிர்ந்த பிறகும் காம்பின் அடிப்பகுதி காய்ந்து முள்போலத் தண்டில் நின்றுவிடுகிறது. அதைக் கொண்டுதான் கொடி தொற்றி ஏறுகிறது. கவாத்து செய்யக் கையுறை அவசியம். கவாத்தை விட்டுவிடவும் கூடாது, பூ புதுக்கிளைகளில்தான் வருகிறது. வளர்ந்தால் பாரம் அதிகம். மூங்கில் தட்டி தாங்காது, இரும்புப் பந்தலே போடுங்கள்.

தரையில் படர்பவற்றை வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவை "பராமரிப்பே வேண்டாம்" என்று சொல்லி விற்கிறார்கள். உண்மைதான். மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர்விடும் செடி அது. அதனாலேயே உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் அதுவும் இருக்கிறது. நம் காடுகளை அடைத்து நிற்கும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில்தான். அதுவும் அழகுச் செடியாக வந்ததுதான்.

அந்த இடத்துக்குப் பொடுதலை போதும். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானே வளர்வது. அதுவும் கணுவுக்குக் கணு வேர்விடும், மிதித்தாலும் சாகாது. ஆனால் இந்த மண்ணுக்குப் பழகியது. கணுவோடு சில தண்டுகளைக் கிள்ளி ஈரமண்ணில் பதித்தால் பிடித்துக்கொள்ளும். வெள்ளையும் ஊதாவுமான சின்னஞ்சிறு பூக்கள் வரும்.

ஏற்கெனவே வெடேலியா வைத்திருப்பவர்கள், வெட்டிய தண்டுகளைக் குளக்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். சிமெண்ட் தரையில் பரப்பி, சருகாகும்வரை காயவிடுங்கள்.