ரத்த குரூப் வேற... எலும்பு மஜ்ஜை கொடுக்க முடியுமா?

தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். அண்ணன் மஜ்ஜை தரத் தயார். ஆனா தங்கை ஓ பாசிட்டிவ், அண்ணன் பி பாசிட்டிவ். ‘குரூப்பே சேரலையே’ன்னு வீட்டிலேயே முடிவு கட்டிடாதீங்க. கொடுக்கலாம்.

மஜ்ஜைக்கு டாக்டர்கள் முதலில் பார்ப்பது ஹெச்.எல்.ஏ. என்கிற திசுப் பொருத்தம். அதற்கான மரபணுக்கள் 6-வது குரோமோசோமில் இருக்கு. ரத்த குரூப்புக்கானது 9-வதில். தனித்தனியா வருவதால், திசு பொருந்திய அண்ணன் தங்கைக்கும் குரூப் மாறலாம். உடன்பிறந்த ஒருவரோடு திசு முழுசா பொருந்த 25 சதவீத வாய்ப்புதான். அப்படிக் கிடைத்தவரை குரூப்புக்காக ஒதுக்கினா நஷ்டம் நோயாளிக்குத்தான்.

சிக்கலே இல்லையா?

இருக்கு. தங்கையின் ஓ குரூப் ரத்தத்தில் பி அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் உண்டு. அதனால அண்ணனின் மஜ்ஜையிலிருந்து சிவப்பணுக்களை லேபில் பிரித்துவிட்டு ஏற்றுவார்கள். அண்ணன் ஓ, தங்கை பி என்றால் பிளாஸ்மாவைக் குறைப்பார்கள். அப்போ அண்ணனின் வெள்ளையணுக்கள் 5 முதல் 15 நாளுக்குள் தங்கையின் சிவப்பணுக்களைத் தாக்கலாம் என்பதால் தீவிரக் கண்காணிப்பு இருக்கும்.

குரூப்பே மாறிடும்!

இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். மஜ்ஜை ஒட்டியதும் தங்கை உடம்பில் ஊறுவது அண்ணனின் பி குரூப் ரத்தம். பழைய சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழும். அதுவரை ரெண்டும் கலந்திருக்கும். சிலருக்குப் புது சிவப்பணு உருவாகவே மாதங்கள் ஆகி, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

பெரம்பலூர், அரியலூர் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். 1986 முதல் இந்த சிகிச்சை செய்யும் வேலூர் சி.எம்.சி. மாதிரியான பெரிய மையங்களில் ஆபரேஷன் இல்லாத இந்த மாற்று சிகிச்சை முடியும். (மஜ்ஜையும் ரத்தம் போல டிரிப்ஸில்தான் ஏறும்!) பிறகு அரியலூருக்கு ரயிலிலோ பெரம்பலூருக்கு பஸ்ஸிலோ வீடு திரும்பிவிடுவார்கள். திடீர்னு ரத்தம் தேவைப்பட்டா ஓடுவது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. அங்கே லைசென்ஸில் இருக்கும் பழைய குரூப்பையும் சொல்லாதீங்க, ‘இப்போ பி’ன்னும் சொல்லாதீங்க. எதிர்ப்பொருள் மிச்சமிருந்தா பி ரத்தம் ஆபத்து; இவருக்கு அந்த இடைக்காலத்தில் ஓ சிவப்பணுக்கள்தான் ஏற்றுவார்கள். கதிர்வீச்சு செலுத்திய ரத்தமாகவும் இருக்கணும்.

அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போதே ரெண்டு பேரின் குரூப், மஜ்ஜை ஏற்றிய தேதி, எந்த சிவப்பணு, எந்த பிளாஸ்மா ஏற்றலாம், மையத்தின் போன் நம்பர் எல்லாம் எழுதிய கடிதம் கேட்டு வாங்குங்க. ஒரு போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வைங்க.