பாலூட்டும் தாய் வீகன் உணவுக்கு மாறலாமா?: கவனிக்க வேண்டியவை என்னென்ன?

புது தில்லி: பால், தயிர், நெய், முட்டை, இறைச்சி, தேன் என விலங்குகளிடமிருந்து பெறப்படும் அனைத்தையும் தவிர்ப்பதே வீகன் எனப்படும் நனிசைவ உணவுமுறை. கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய் இம்முறைக்கு மாறும்போது, அதன் விளைவு குழந்தையையும் சென்றடைகிறது. அதில் மிக முக்கியமானது வைட்டமின் பி-12 சத்து.

சைவத்துக்கும் வீகனுக்கும் என்ன வேறுபாடு?

இந்தியாவில் சைவ உணவு புதிதல்ல. ஆனால், இறைச்சியும் முட்டையும் உண்ணாதோருக்கு பி-12 கிடைக்கும் முக்கிய வழி பாலும் தயிரும் மட்டுமே. ஏற்கெனவே சைவ உணவு உண்ணும் ஒரு தாய் பாலையும் நிறுத்தினால், அந்த ஒரே வழியும் அடைபடுகிறது. கீரை, பருப்பு, கொட்டை வகைகளில் பி-12 இல்லை. புளித்த இட்லி மாவையோ ஸ்பைருலினா பொடியையோ நம்பியிருக்க முடியாது.

குழந்தையை எப்படிப் பாதிக்கிறது?

தாயின் உணவில் கால்சியம் குறைந்தாலும் தாய்ப்பாலில் அதன் அளவு பெரிதாகக் குறைவதில்லை. தாயின் எலும்பிலிருந்து உடல் அதனை ஈடுகட்டிக்கொள்கிறது. பி-12, அயோடின் ஆகியவற்றில் நிலைமை வேறு. தாயிடம் இவை குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும்.

பெரியவர்களின் கல்லீரலில் பி-12 சேமிப்பு இருப்பதால், தாய்க்கு அறிகுறிகள் தோன்றச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். பிறந்த குழந்தையின் சேமிப்போ மிகச் சிறியது. சில மாதங்களில் தீர்ந்துவிடும். எனவே, தாய் நலமாக இருக்கும்போதே குழந்தைக்குப் பற்றாக்குறை ஏற்படக்கூடும்.

இதனை உலகுக்கு முதலில் எடுத்துரைத்தவர்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் அடங்குவர். தாய்ப்பாலை நம்பியிருந்த இந்தியக் குழந்தைகளிடம் கண்ட பி-12 குறைபாட்டை, 1962-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் அவர்கள் விவரித்தனர்.

அறிகுறிகள் யாவை?

பால் குடிப்பதில் ஆர்வமின்மை, சோர்வு, முகம் பார்த்துச் சிரிப்பது குறைதல், நின்ற தலை மீண்டும் தொய்தல், விரல் மூட்டுகள் கருமையாதல், கை கால் நடுக்கம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். விரைவில் கண்டறிந்து பி-12 செலுத்தினால் குழந்தை வேகமாகத் தேறும். தாமதமானால் மூளை வளர்ச்சியில் நீடித்த பாதிப்பு ஏற்படலாம்.

பிரசவத்துக்குப் பின் அரசு மையங்களில் வழங்கப்படும் மாத்திரையில் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் மட்டுமே உள்ளன; பி-12 இல்லை. அதோடு, போலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்து, பி-12 குறைபாட்டை வெளியே தெரியாமல் மறைத்துவிடவும் கூடும்.

மாற விரும்புவோர் செய்ய வேண்டியவை

* பாலை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரை அணுகி, ரத்தத்தில் பி-12 அளவைப் பரிசோதிக்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 2.8 மைக்ரோகிராம் தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை. மாத்திரையின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

* பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். கேழ்வரகு, எள், கால்சியம் சேர்க்கப்பட்ட சோயா பால் ஆகியவை உதவும். வீட்டில் அரைக்கும் பாதாம் பாலில் கூடுதல் கால்சியமோ பி-12 சத்தோ இருக்காது.

* அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்த வேண்டும். இந்துப்பு அதற்கு மாற்றாகாது.

* சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்களை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கக் கூடாது. தாய்ப்பால் போதாதபோது என்ன கொடுப்பது என்பதைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

* பொருள்களை வாங்கும்போது பச்சை நிற 'வி' எழுத்துடன் இலை கொண்ட வீகன் முத்திரையைக் காணலாம். 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் வரும் இம்முத்திரை, விலங்குப் பொருள் இல்லை என்பதை மட்டுமே உணர்த்தும். சத்து சேர்க்கப்பட்டதா என்பதை உறையில் உள்ள அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.

நிபுணர்களிடையே மாறுபட்ட கருத்து

நன்கு திட்டமிடப்பட்ட வீகன் உணவு பாலூட்டும் காலத்துக்கும் ஏற்றது என அமெரிக்க ஊட்டச்சத்து மற்றும் உணவியல் அகாதெமி 2016-இல் தெரிவித்தது. அதே ஆண்டில், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் இதனைப் பரிந்துரைக்க இயலாது என ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் கூறியது. எனினும், பி-12 சத்துக்கு நம்பகமான ஏற்பாடு இன்றி வீகன் உணவைப் பின்பற்றக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை.

ஏற்கெனவே மாறிவிட்டவர்கள் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய், சேய் இருவரையும் பரிசோதித்து, குறையும் சத்தை உடனே ஈடுசெய்தாலே போதுமானது.