"அது புக்ல, மாமா"

போன மாதம் படவேட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். மறுநாள் சமூக அறிவியல் தேர்வு. புத்தகத்தை என் கையில் கொடுத்து "கேள்வி கேளுங்க மாமா" என்றாள்.

"உள்ளாட்சியின் தந்தை யார்?"

"ரிப்பன் பிரபு."

"ஊராட்சிப் பதவிக்காலம்?"

"அஞ்சு வருஷம்."

"சரி, உங்க ஊராட்சித் தலைவர் யாரு?"

"இப்ப யாரும் இல்ல மாமா. ஆபீசர்தான் பாத்துக்கறாரு."

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ எலக்சன் நடக்கணும்னு இப்பதானே சொன்ன?"

சிரித்தாள். "அது புக்ல, மாமா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். ஆனால் பாடத்தில் இருப்பது வேறு, ஊரில் நடப்பது வேறு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே தேவையில்லை என்று ஒரு பிள்ளை 14 வயதிலேயே முடிவு கட்டிவிட்டால், குடிமையியல் பாடம் எதைக் கற்றுக்கொடுத்தது? அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அவள் சொன்ன விஷயத்தைப் பார்த்துவிடுவோம். 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலின் அறிவிப்பை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, அது சம்பந்தமான வழக்குகள் என்று இழுத்து, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் திருவண்ணாமலை உட்பட 27 மாவட்டங்களில் ஓட்டுப்பதிவு நடந்தது. நடுவில் மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது, மறுபடி தனி அலுவலர். ஆக, இந்தப் பெண் ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்த ஊராட்சி, பாதிக் காலம்தான் பாடத்தில் உள்ள ஊராட்சி. இவ்வளவு நல்ல பாடம் வாசலிலேயே கிடக்கிறது. தேர்வில் மட்டும் ரிப்பன் வருகிறார்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அரசே நாடு முழுக்க மாதிரி எடுத்து ஒரு தேர்வு வைக்கிறது. 2022-ல் வைத்த தேர்வில் அமெரிக்க வரலாற்றில் 13 சதவீதம் பேர்தான் 'தேர்ச்சித் திறன்' என்ற நிலையைத் தொட்டார்கள். குடிமையியலில் 22 சதவீதம். 2023 மே மாதம் முடிவு வந்ததும் அங்கே பெரிய புலம்பல்.

இதைப் படித்துவிட்டு "நம்ம பசங்க பரவாயில்ல" என்று நினைத்துவிடக் கூடாது. நம் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவர்கள் நிறைய. ஆனால் இரண்டும் அளப்பது ஒன்றையே அல்ல. நாம் பெரும்பாலும் அளப்பது புத்தகத்தில் உள்ளது நினைவில் இருக்கிறதா என்பதை. ஒரு ஆவணத்தைக் கொடுத்து 'இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை விட்டுவிட்டார்' என்று கேட்டால் எத்தனை பேர் தேறுவார்கள்? அவர்களுக்குத் தங்கள் ஓட்டை எவ்வளவு பெரியது என்றாவது தெரிகிறது.

குடிமையியல் இப்படி ஆனதற்கு ஒரு பூர்வகதை உண்டு. இந்தியப் பள்ளிகளுக்கு இது வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பாடம். ராஜ்ஜியத்தின் மீது விசுவாசம் குறைந்துவரும் நேரத்தில், நல்ல பிரஜையாக நடந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வந்தது. 2005-ன் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு இதை வெளிப்படையாகவே எழுதியது. அதற்குப் பிறகு என்சிஇஆர்டி ஆறு முதல் எட்டு வரை பாடத்தின் பெயரையே 'சமூக, அரசியல் வாழ்க்கை' என்று மாற்றியது. தமிழ்நாட்டில் குடிமையியல் என்ற பெயர் அப்படியே நிற்கிறது. 2018-லிருந்து வந்த புதிய புத்தகங்கள் பழையதைவிட எவ்வளவோ மேல். படம், வரைபடம், செயல்பாடு எல்லாம் இருக்கிறது. ஆனால் தேர்வு பழைய மாதிரியே கேட்டால், ஆசிரியர் எதை நடத்துவார்? பாவம், ஒரே ஆள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் முடித்தாக வேண்டும்.

இப்போது வரலாறு. படவேடு என்பது படைவீடு. ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. இன்று ஆரணி என்றால் பட்டு, படவேடு என்றால் ரேணுகாம்பாள் கோயில். ஆனால் 13, 14-ம் நூற்றாண்டுகளில் இது சம்புவராயர்களின் தலைநகர். சோழர்களுக்குக் கீழ் இருந்து, சோழர் தளர்ந்த பிறகு தனியாக ஆண்டவர்கள். ராஜகம்பீரன் மலை என்ற பெயரில் அவர்கள் நினைவு இன்னும் இருக்கிறது. விஜயநகர இளவரசன் குமார கம்பணன் சம்புவராயனை வென்றதை அவன் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்ற சமஸ்கிருதக் காவியத்தில் எழுதினாள். ஜெயித்தவன் வீட்டிலிருந்து வந்த சாட்சி அது.

ஊரில் கேட்டால் "இங்க 1008 சிவன் கோயில், 108 பெருமாள் கோயில் இருந்துச்சு" என்பார்கள். அக்கா மகளுக்கும் தெரியும். "நிஜமா மாமா?" என்று கேட்டாள். வரலாற்றுப் பாடம் தொடங்கவேண்டிய இடம் இதுதான். மண்ணுக்கடியிலிருந்து கோயில்கள் கிடைத்தது நிஜம். 1008 என்பது எண்ணிப் பார்த்த கணக்கா, நிறைய என்று சொல்லும் வழக்கமா? எதை வைத்து முடிவு செய்வது?

எனக்குப் பிடித்த உதாரணம் வேலூர் பக்கத்தில் விரிஞ்சிபுரம் கோயிலில் இருக்கும் ஒரு கல்வெட்டு. சக வருஷம் 1347, அதாவது 1425 வாக்கில், இரண்டாம் தேவராயர் காலம். அப்போது இந்தப் பகுதிக்கே படைவீட்டு ராஜ்ஜியம் என்று பெயர். அந்த ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் - தமிழர், கன்னடர், தெலுங்கர், இலாடர் - கூடி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுப்போம், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தாலும் பொன் கொடுத்துக் கல்யாணம் செய்தாலும் அரச தண்டனை, சாதியிலிருந்து விலக்கு.

இந்த ஒரு கல்லை வகுப்பில் வைத்தால் எவ்வளவு கேட்கலாம். அன்று பணம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போயிருக்கிறது, இன்று திசை மாறிவிட்டது, எப்போது, ஏன்? ஒரு சாதி தனக்குள் போட்ட விதிக்கும், பாராளுமன்றம் 1961-ல் எல்லோருக்கும் போட்ட வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு பெண்ணாவது உண்டா? கல்வெட்டு என்பதால் அது அப்படியே நடந்தது என்று அர்த்தமா, அல்லது நடக்காததால்தான் எழுதவேண்டி வந்ததா? இதில் எது வரலாறு, எது குடிமையியல் என்று பிரிக்கவே முடியாது.

உத்திரமேரூர்க் குடவோலையையும் இப்படி நடத்தலாம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்ற விதி இன்றைக்கும் சிலிர்க்க வைக்கும். கூடவே, நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்தக் குடத்தில் இடம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெருமை மட்டும் சொன்னால் பாதிப் பாடம்.

2023-ல் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து முகலாய அரசவை அத்தியாயம் நீக்கப்பட்டபோது நாடு முழுக்கச் சண்டை நடந்தது. நடக்கவேண்டிய சண்டைதான். ஆனால் எந்த ராஜா உள்ளே, எந்த ராஜா வெளியே என்பதோடு நின்றுவிட்டால், உள்ளே இருக்கிற ராஜாவையும் பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்யப்போகிறார்கள்.

இதையெல்லாம் அன்று ராத்திரி அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் தேர்வு. கல்வெட்டுக் கதையை மட்டும் சுருக்கமாகச் சொன்னேன். "அப்ப பொண்ணுங்கள யாராவது கேட்டாங்களா?" என்றாள். புத்தகத்தை மூடிவிட்டேன்.

கிளம்பும்போது இன்னொன்று கேட்டாள்: "தலைவர் இல்லன்னா கிராம சபை நடக்குமா மாமா?"

நடக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் காலத்திலும் கூட்டலாம். வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் உறுப்பினர். ஏன் இன்னும் தேர்தல் இல்லை என்று எழுந்து கேட்கலாம்.

"நான்?"

உனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் அம்மாவைக் கூட்டிட்டுப் போ என்றேன். அக்கா உள்ளேயிருந்து, "எனக்கு வேற வேல இல்லையா" என்று குரல் கொடுத்தாள். ஆனால் அடுத்த கூட்டம் என்னைக்குன்னு கேட்டுக்கொண்டாள்.