நகரமைப்பு விளையாட்டுகளில் பண்டைய உரோமைக் குடியிருப்புகளை மீளமைத்தல்

அகழாய்வுகளாலும் பழைய நூல்களாலும் அறியப்பட்ட ஓர் உரோமை நகரின் தெருக்கள், வீடுகள், நீர் வசதி, பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றைக் கணினி விளையாட்டில் மீண்டும் கட்டிப் பார்ப்பது வரலாற்று ஆர்வலர்களிடையே பரவியுள்ள ஒரு பயிற்சியாகும். பொழுதுபோக்காகத் தொடங்கிய இது, வரலாறு, புவியியல், கட்டடக் கலை படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படுகிறது. ஆனால் எது நல்ல நகரம் என்பதற்கு ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென விதிகளை வைத்திருக்கிறது. அவ்விதிகள் உண்மையான உரோமை நகரத்தோடு சில இடங்களில் பொருந்தும், சில இடங்களில் முரண்படும். உரோமையோடு வணிகம் செய்த தமிழகக் கடற்கரை ஊர்களை அதே விளையாட்டில் கட்டும்போது இந்த முரண்பாடு மேலும் பெரிதாகிறது. சென்னையின் மயிலாப்பூரும் மாம்பலமும் இதற்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டுகள்.

விளையாட்டுகள்

1989-இல் வெளியான சிம்சிட்டி, நகரமைப்பு விளையாட்டுகளைப் பரவலாக்கியது. உரோமைக் காலத்தைக் களமாகக் கொண்டு இம்பிரெஷன்ஸ் கேம்ஸ் நிறுவனம் 1992-இல் சீசர் என்னும் விளையாட்டை உருவாக்கியது. அவ்வரிசையில் 1998-இல் வந்த சீசர் 3 இன்றும் விளையாடப்படுகிறது. ஆர்வலர்கள் திறந்த மூல நிரலாக எழுதிய ஜூலியஸ், அதிலிருந்து கிளைத்த அகஸ்டஸ் ஆகிய திட்டங்கள் அதனை இன்றைய கணினிகளிலும் இயங்கச் செய்கின்றன. பின்னர் சீசர் 4, சிவ்சிட்டி: ரோம் (இரண்டும் 2006), ஆனோ 117: பாக்ஸ் ரொமானா (2025) போன்றவை வந்தன. 2015-இல் வெளியான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் உரோமைக் கால விளையாட்டு அன்று. எனினும் உண்மையான நில மேடுபள்ளங்களை அதில் ஏற்ற முடியும். பயனர்கள் செய்த கட்டட உருக்களையும் சேர்க்க முடியும். எனவே மீளமைப்புக்கு அதுவும் பயன்படுகிறது.

சீசர் 3-இன் நிலைகள் கார்த்தாகோ, டமாஸ்கஸ், லோண்டினியம் போன்ற உண்மையான நகரப் பெயர்களைத் தாங்கியவை. ஆனால் விளையாடுபவருக்குக் கிடைப்பது வெற்று நிலமே. அந்நகரங்களின் பழைய தெரு அமைப்பை அவர்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

உரோமை நகரின் அமைப்பு

மீளமைப்புக்கு அதிகம் எடுத்துக்கொள்ளப்படும் மாதிரிகளில் ஒன்று, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள டிம்காட். பேரரசர் டிராஜன் ஏறத்தாழ கி.பி. 100-இல் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக இதை நிறுவினார். முதலில் திட்டமிட்ட நகரம் ஒரு பக்கம் சுமார் 355 மீட்டர் கொண்ட சதுரம். உரோமை அடிக் கணக்கில் 1200 அடி. ஏறத்தாழ 20 மீட்டர் அளவுள்ள சிறு மனைத்தொகுதிகளாக அது பிரிக்கப்பட்டிருந்தது. வடக்கு தெற்கான முதன்மைத் தெரு கார்டோ என்றும், கிழக்கு மேற்கானது டெக்குமானஸ் என்றும் அழைக்கப்படுகின்றன. இவை கூடும் நடுப்பகுதியில் ஃபோரம் எனப்படும் பொதுச் சதுக்கம் இருந்தது.

எல்லா உரோமை நகரங்களும் இப்படி ஒரே நேரத்தில் கோடு போட்டுக் கட்டப்பட்டவை அல்ல. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெயி, பல நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாக வளர்ந்த ஊர். அதன் பழைய பகுதியில் தெருக்கள் நேராக இல்லை. உரோமை நகரமே கூடக் குன்றுகளுக்கிடையே ஒழுங்கின்றி வளர்ந்ததுதான். எனவே மீளமைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாம் எடுத்துக்கொண்ட ஊர் திட்டமிட்டு எழுந்ததா, தானாக வளர்ந்ததா என்பதே.

அளவுத்திட்டம்

விளையாட்டு நிலம் சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்தை எத்தனை மீட்டராகக் கொள்வது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். சீசர் 3-இல் ஒரு கட்டத்தை 5 மீட்டராகக் கொண்டால் டிம்காட்டின் மனைத்தொகுதி 4 கட்டமாகவும், தெரு 1 கட்டமாகவும் அமையும். நகரத்தின் ஒரு பக்கம் 71 கட்டம் வரும். அவ்விளையாட்டின் பெரிய நிலப்படம் 160 × 160 கட்டம் கொண்டது என்பதால் முழு நகரமும் எளிதாக அடங்கும். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் விளையாட்டில் ஒரு கட்டம் 8 மீட்டர். 20 மீட்டர் தொகுதி அதில் முழுக் கட்டங்களாகப் பிரியாது. 16 மீட்டராகக் குறைக்க வேண்டும், அல்லது 24 மீட்டராகக் கூட்ட வேண்டும்.

பெரிய கட்டடங்களில் இச்சிக்கல் கூடுகிறது. சீசர் 3-இல் கொலோசியம் 5 × 5 கட்டம் மட்டுமே. மேற்சொன்ன கணக்கில் 25 மீட்டர். உரோமையில் உள்ள உண்மையான கொலோசியம் சுமார் 188 மீட்டர் நீளமும் 156 மீட்டர் அகலமும் கொண்டது. சென்னை வாசகர்கள் இதை எளிதாக மனத்தில் கொள்ள ஓர் ஒப்பீடு உண்டு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் சுமார் 190 மீட்டர் நீளமும் 143 மீட்டர் அகலமும் உடையது. குளத்தின் நான்கு கரைகளையும் சுற்றி நடப்பவர், ஏறக்குறைய கொலோசியத்தைச் சுற்றி வருகிறார் எனலாம். விளையாட்டில் அது ஒரு வீட்டுத் தொகுதியைவிடச் சற்றே பெரியதாக நிற்கும்.

விதியும் வரலாறும் முரண்படும் இடங்கள்

தெருச் சந்திப்புகள்: சீசர் 3-இல் அங்காடிப் பெண், ஆசிரியர், பூசாரி, தீயணைக்கும் காவலர் எனப் பலரும் தத்தம் கட்டடத்திலிருந்து புறப்பட்டுத் தெருவில் நடக்கிறார்கள். அவர்கள் கடந்து செல்லும் வழியில் உள்ள வீடுகளுக்கே அச்சேவை கிடைக்கும். சந்திப்பு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. ஆகையால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் சந்திப்புகளைத் தவிர்த்து, நீண்ட வளையம் போன்ற ஒற்றைத் தெருக்களை அமைக்கிறார்கள். டிம்காட்டிலோ 5 கட்டத்துக்கு ஒரு சந்திப்பு வருகிறது. அந்நகரத்தை உள்ளபடியே கட்டினால் ஊழியர்கள் சிதறிப் போவார்கள், வீடுகள் உயர்நிலை அடையா, தீயும் பரவும். உரோமையரின் புகழ்பெற்ற சதுரத் தெரு அமைப்பே, உரோமை விளையாட்டில் தோல்வியடையும் அமைப்பாகிறது. வாயில் கட்டடங்களை வைத்து ஊழியர்களைத் தடுப்பதும், அகஸ்டஸ் திட்டத்தில் சேர்க்கப்பட்ட சாலைத் தடுப்புகளைப் பயன்படுத்துவதும் இதற்கான மாற்றுவழிகள்.

நீர்: விளையாட்டில் கிணறு என்பது ஏழைக் குடில்களுக்கு உரியது. வீடு வளர நீரூற்று வேண்டும். நீரூற்றுக்கு நீர்த்தேக்கமும், தொலைவிலிருந்து நீர் கொண்டுவரும் கட்டுக்கால்வாயும் வேண்டும். பாம்பெயியில் தெருமுனைகளில் பொது நீரூற்றுகள் இருந்தது உண்மையே. ஆனால் கட்டுக்கால்வாய் வருவதற்கு முன்பு அவ்வூர் ஆழ்கிணறுகளையும், கூரையில் விழும் மழைநீரைச் சேர்க்கும் வீட்டுத் தொட்டிகளையும் நம்பியே இருந்தது. செல்வர் வீடுகளிலும் அத்தொட்டிகள் உண்டு. கிணற்று நீர் என்றால் வறுமை என்பது விளையாட்டின் எளிமைப்படுத்தல்.

தமிழகக் கடற்கரை: அரிக்கமேடு

இந்த எளிமைப்படுத்தல் நம் ஊர்களுக்கு வரும்போது பெரும் பிழையாகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் மட்பாண்ட ஓடுகளும், மதுவும் எண்ணெயும் கொண்டுவரப் பயன்பட்ட ஆம்போரா சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. பெரிபுளூஸ் என்னும் கிரேக்க நூல் குறிப்பிடும் பொதுக்கே துறைமுகம் இதுவே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வீலர் இதை உரோமையரோடு சேர்த்தே விளக்கினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய ஆய்வு, உரோமை வணிகத்துக்கு முன்பும் பின்பும் இங்கு உள்ளூர் மக்கள் வாழ்ந்ததை வலியுறுத்தியது. மணிகள் செய்யும் தொழிலும், உறைகிணறுகளும் உள்ளூர் வாழ்வின் அடையாளங்கள்.

அரிக்கமேட்டைச் சீசர் 3-இல் கட்டத் தொடங்கினால், விளையாட்டு ஃபோரத்தையும் மார்ஸ், வீனஸ் கோயில்களையும் கேட்கும். கேட்டதையெல்லாம் கொடுத்தால் ஊர் செழிக்கும். ஆனால் அது அரிக்கமேடாக இராது. உறைகிணறுகளோடு விட்டால், ஊர் குடிலாகவே நிற்கும். உரோமைப் பொருள்களை வாங்கிய தமிழ் ஊரை, உரோமையர் கட்டிய ஊராக மாற்றிவிடும் இந்தச் சறுக்கல், படங்களைப் பார்த்து வரலாறு கற்கும் மாணவரிடம் எளிதில் தங்கிவிடக்கூடியது.

மயிலாப்பூர்

கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமி தம் புவியியல் நூலில் குறிப்பிடும் மலியார்பா என்னும் துறை, மயிலாப்பூராகப் பொதுவாக அடையாளம் காணப்படுகிறது. மாம்பலத்தில் வெள்ளி முத்திரைக் காசுகளுடன் அகஸ்டஸ் காலத்து உரோமை வெள்ளிக் காசும் கிடைத்துள்ளது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட இக்கடற்கரையை உரோமைச் செல்வம் எட்டியது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் காசு கிடைத்தது என்பதால் உரோமையர் குடியிருந்தனர் என்று ஆகாது. காசு பல கைகள் மாறி வரக்கூடியது.

தாலமி காலத்து மயிலாப்பூரை விளையாட்டில் கட்ட நினைப்பவர் இன்றைய வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையை ஒட்டி, இன்றைய சாந்தோம் பகுதியில் இருந்ததாகவும், போர்த்துக்கேயர் வந்த பின்னரே இன்றைய இடத்தில் எழுந்ததாகவும் கருதப்படுகிறது. எனவே தெப்பக்குளத்தையும் நான்கு மாட வீதிகளையும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வைக்கச் சான்று இல்லை. கடற்கரைக் கோடும் மாறியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா கடற்கரை அகன்றது. இன்றைய அகன்ற மணல்வெளியை அழித்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இன்றைய மயிலாப்பூரைக் கட்டுவது வேறு வேலை. அதற்கு மாட வீதிகளே அடிப்படை. உரோமை நகரில் ஃபோரம் நடுவில் இருப்பதுபோல் இங்கே கோயிலும் குளமும் நடுவில் உள்ளன. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள வீதிகள் தேர் சுற்றிவர அமைந்தவை. வளையமாகச் செல்லும் அத்தெருக்கள், சந்திப்புகளை விரும்பாத சீசர் 3-இன் விதிக்கு டிம்காட்டைவிட நன்றாகப் பொருந்துவது வியப்பானது.

தியாகராய நகர்

திட்டமிட்டு ஒரே மூச்சில் எழுந்த ஊர் என்ற வகையில் டிம்காட்டுக்கு ஒப்பானது சென்னையில் தியாகராய நகர். 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், 1923 முதல் 1925 வரை, மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரியின் நீரை வடித்து இது உருவாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் இதற்கு இடப்பட்டது. பனகல் பூங்காவை நடுவாக வைத்து உஸ்மான் சாலை, தியாகராய சாலை, வெங்கட்நாராயணா சாலை, கோ. நா. செட்டி சாலை ஆகியவை பல திசைகளில் செல்கின்றன. மறைந்த ஏரியின் நினைவு மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை என்ற பெயரில் எஞ்சியிருக்கிறது.

குடியிருப்பாகத் திட்டமிட்ட இப்பகுதி பின்னர் பெரும் கடைவீதியானது. டிம்காட்டும் தன் 355 மீட்டர் சதுரத்துக்குள் நிற்கவில்லை. வெளியே ஒழுங்கற்ற புறநகராக வளர்ந்தது. திட்டம் ஓர் ஆண்டுக்கு உரியது, ஊர் பல ஆண்டுகளுக்கு உரியது என்பதை இரண்டும் காட்டுகின்றன. சீசர் 3-இல் ஏரியைத் தூர்க்க வழியே இல்லை. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் நீரோட்டத்தைக் கணக்கிடுவதால், பள்ளத்தில் கட்டினால் நீர் வந்து நிற்பதைக் காணலாம். 2015, 2021 மழைக்காலங்களில் தியாகராய நகர், மேற்கு மாம்பலத் தெருக்களில் நீர் தேங்கியதை நினைவில் கொண்டவர்களுக்கு இது வெறும் விளையாட்டாகத் தோன்றாது.

மாணவர்களுக்கான செய்முறை

நேரில் சரிபார்க்கக்கூடிய இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் பனகல் பூங்காவைச் சுற்றி ஒரு சிறு பகுதியைக் கட்டலாம். நடந்து பார்த்த தெருவுக்கும் திரையில் உள்ளதற்கும் எங்கே வேறுபாடு என்று எழுதினால், அவ்விளையாட்டு எவற்றை மறைக்கிறது என்பது தெரிந்துவிடும். அதன்பின் மாட வீதிகளையும், பிறகு டிம்காட் அல்லது பாம்பெயியையும் எடுத்துக்கொள்ளலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள உரோமைக் காசுகளைப் பார்ப்பது தமிழகத் தொடர்பை விளங்கிக்கொள்ள உதவும்.

கட்டும்போது ஒவ்வொரு கூறையும் மூன்றாகப் பிரித்துக் குறித்துவைக்க வேண்டும்:

1. சான்று உள்ளது: அகழாய்வில் கண்ட தெரு, சுவர், கிணறு, நீரூற்று.
2. ஊகிக்கப்பட்டது: பக்கத்துத் தொகுதியைப் பார்த்து நிரப்பிய வீடுகள், இன்றைய கரையிலிருந்து பின்னோக்கிக் கணித்த பழைய கடற்கரை.
3. விளையாட்டு கேட்டது: ஊர் இயங்குவதற்காக மட்டும் வைத்த கோயில், பள்ளி, சாலைத் தடுப்பு.

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் போன்றவற்றில் இம்மூன்றையும் வெவ்வேறு நிறத்தில் காட்டலாம். சீசர் 3-இல் அதற்கு வசதி இல்லை. திரைப்படம் எடுத்து அச்சிட்டு, அதன்மேல் வண்ணமிடலாம். மூன்றாம் வகை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்த மீளமைப்பை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். டிம்காட்டில் அவ்வெண்ணிக்கை குறைவாக இருக்கும். தாலமி காலத்து மயிலாப்பூரில் ஏறக்குறைய எல்லாமே இரண்டாம், மூன்றாம் வகையாகவே இருக்கும்.