இல்லறத்தில் இரசம் தீரும் வேளை

மாலைத் திருப்பலி முடிந்து ஆலயக் கதவுகளைச் சாத்தும் நேரம். ஒரு தாய் தயங்கித் தயங்கிப் பங்குமனை வாசலுக்கு வந்தார். மகளின் உறுதிபூசுதல் வகுப்பைப் பற்றி ஏதோ கேட்கத் தொடங்கியவர், கேட்டு முடிக்குமுன்னரே கண்கலங்கிவிட்டார். “சுவாமி, ஒண்டரை வருசமா அவர் விறாந்தையிலதான் பாய் போட்டுப் படுக்கிறார். கேட்டால் உள்ளுக்குப் புழுக்கம் எண்டு சொல்லுறார். மாரி காலத்திலயும் புழுக்கமோ, சுவாமி?”

திருமணமாகிப் 17 ஆண்டுகள். கணவர் குடிப்பதில்லை, ஏசுவதில்லை, உழைத்ததை வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறார். ஆனால், மனைவியின் கையைக்கூடத் தொடுவதில்லை. ‘வேறொருத்தி இருப்பாளோ?’ என்ற ஐயம் ஒருபுறம், ‘நான் அழகற்றுப் போனேனோ?’ என்ற தாழ்வுணர்வு மறுபுறம். காணாமற்போனவற்றைக் கண்டடைய உதவும் புனித அந்தோனியாரிடம் செவ்வாய்தோறும் மன்றாடிவந்த அவர், எது காணாமற்போயிற்று என்பதை மட்டும் கணவரிடம் கேட்டதேயில்லை.

சில வாரங்களின் பின் கணவரும் வந்தார். ஐந்து ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். ஓரிரு தடவைகள் உடல் ஒத்துழைக்கவில்லை. அந்த வெட்கம் அச்சமாகி, அச்சத்தில் ஆசையும் அடங்கிப்போயிற்று. “தொட்டால் அவ எதிர்பார்ப்பா எண்டு தொடுறதையே விட்டிட்டன், சுவாமி” என்றார்.

பல தம்பதியரிடம், ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வெளியே, நான் கேட்டறிந்தவற்றை எவரையும் அடையாளம் காண இயலாதவாறு ஒரே குடும்பமாக்கி இங்கே தந்திருக்கிறேன். துறவறத்தில் வாழும் குரு இதைப் பற்றி எழுதலாமா எனச் சிலர் வினவக்கூடும். எழுதாமல் விட்டதனால் எத்தனை வீடுகளில் பாய்கள் விறாந்தைக்குப் போயின என்பதை எண்ணியே எழுதத் துணிந்தேன்.

உடலும் பேசுகிறது

தாம்பத்திய நாட்டம் குறைவதை உடனே அன்பின் குறைவாகவோ, ஒழுக்கக் கேடாகவோ, பாவத்தின் தண்டனையாகவோ கொள்வது பெருந்தவறு. நாட்டம் என்பது உடல், உள்ளம், உறவு ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் கனி. மூன்றில் எது வாடினாலும் கனி குறையும்.

நீரிழிவு இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் பாதிப்பதால் ஆணின் உடல் தளரக்கூடும். அத்தளர்ச்சி சிலவேளை இருதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமைவதனால், வெட்கத்தில் மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். தைரொயிட் சுரப்புக் குறைதல், ஆண்களில் ரெஸ்ரொஸ்ரரோன் ஓமோன் குறைதல், மனச்சோர்வு, மனச்சோர்வுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான சில மாத்திரைகள், மதுப்பழக்கம், நித்திரைக் குறைவு ஆகியவையும் நாட்டத்தைத் தணிக்கக்கூடியவை. இதை வாசித்துவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. வைத்தியரிடம் மனந்திறந்து கூறினால், அவரால் மாற்று மருந்தையோ அளவையோ ஆராய முடியும்.

பெண்களுக்கோ, குழந்தைக்குப் பாலூட்டும் மாதங்களில் புரோலக்ரின் ஓமோன் உயர்ந்தும் ஈஸ்ரஜன் தாழ்ந்தும் இருப்பதனால் நாட்டம் குறைதல் இயல்பே. அதனோடு இரவு முழுவதும் விழித்த களைப்பும் சேர்கிறது. மாதவிடாய் நின்றுபோகும் பருவத்தில் வறட்சியும் வலியும் ஏற்படலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது மனைவியின் கடமையன்று. வலிக்கும் ஒன்றை உடல் விரும்பாதிருத்தல் குற்றமுமன்று. அதற்குச் சிகிச்சை உண்டு.

இன்னுமொன்று. ஆசை முதலில் எழவேண்டும், நெருக்கம் பின்னர் வரவேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கனேடிய வைத்தியர் ரோஸ்மேரி பாசன் 2000ஆம் ஆண்டில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். நீண்டகால உறவில் வாழும் பல பெண்களிடத்தில், கனிவான நெருக்கமும் பாதுகாப்பான சூழலும் முதலில் அமைந்து, அதற்குப் பதிலாகவே ஆசை எழுகிறது என்பதே அவரது கருத்து. அப்படியானால், பகல் முழுவதும் கடுஞ்சொல் பேசிவிட்டு இரவில் மட்டும் அன்பை எதிர்பார்க்கும் கணவர், விதைக்காத வயலில் அறுவடைக்குப் போகிறவராவார்.

எம் மக்களின் காயங்களையும் மறந்துவிட முடியாது. போர் 2009இல் முடிவுற்றது. இழப்பும் இடப்பெயர்வும் உள்ளங்களில் விட்டுச்சென்ற வடுக்கள் முடிவுறவில்லை. கடன் தவணையை எண்ணி இரவு முழுவதும் விழித்திருப்பவர்களும், மறைவிடமே இல்லாத ஓரறை வீடுகளில் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உறங்குபவர்களும் பலர். சிறுவயதில் எவராலோ இழைக்கப்பட்ட கொடுமையைக் கணவரிடம்கூடச் சொல்லமுடியாது சுமக்கும் சகோதரிகளும், ஏன், சகோதரர்களும் உள்ளனர். அவர்களது விலகல் வெறுப்பன்று; அது ஆறாத புண்ணின் வேதனை.

கடனா? கொடையா?

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தைக் காட்டி, ‘மனைவி மறுக்கக்கூடாது’ என்று வாதிடும் கணவர்களை நான் சந்தித்ததுண்டு. அவர்கள் பாதியை மட்டுமே வாசித்திருக்கிறார்கள். மனைவியின் உடல்மீது கணவருக்குள்ள உரிமையைச் சொன்ன அதே இடத்தில், கணவரின் உடல்மீது மனைவிக்குள்ள உரிமையையும் அப்போஸ்தலர் சமமாக வைக்கிறார். பெண்ணுக்குக் குரலே இல்லாதிருந்த உலகில் அது எத்தனை துணிவான போதனை! இறைவேண்டலுக்காகச் சிலகாலம் விலகியிருப்பதாயினும் இருவரும் மனமொத்தே விலகவேண்டும் என்கிறார். இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

திருத்தந்தை புனித ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. அதே மடலில், துணைவரின் நிலையைக் கருதாது வற்புறுத்திப் பெறும் உறவை அன்பின் செயலாகக் கொள்ளமுடியாது என்றும் அவர் தெளிவுபடுத்தியிருந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அமோரிஸ் லெத்தீசியா’ மடலில் அப்போதனையை மீண்டும் வலியுறுத்தினார். ஆகவே, வற்புறுத்தலுக்குத் திருச்சபையின் போதனையில் இடமில்லை. அதேவேளை, துணைவரைக் காரணமின்றி, விளக்கமின்றி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவைக்கும் மௌனத்துக்கும் அதில் இடமில்லை. தாம்பத்தியம் வசூலிக்கும் கடனல்ல. மனமுவந்து அளிக்கும் கொடை. கொடுக்க இயலாத நாளில், ‘இன்று இயலவில்லை, ஆனால் நான் உன்னோடு இருக்கிறேன்’ என்ற சொல்லும் ஒரு கொடையே.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பேசுங்கள். படுக்கையிலோ சண்டையின் நடுவிலோ வேண்டாம். பிள்ளைகள் இல்லாத ஓர் அமைதியான வேளையில் பேசுங்கள். ‘நீங்கள் என்னைக் கவனிப்பதில்லை’ என்று குற்றஞ்சாட்டித் தொடங்காமல், ‘எனக்குத் தனிமையாக இருக்கிறது’, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று உங்கள் நிலையைச் சொல்லித் தொடங்குங்கள்.

இரண்டாவதாக, வைத்தியரை நாடுங்கள். இயன்றால் இருவரும் சேர்ந்து செல்லுங்கள். பெண்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் 35 வயதைக் கடந்தோருக்கென நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் முதலில் வினவலாம். விளம்பரங்களில் வரும் ‘சக்தி’ மருந்துகளை நம்பிப் பணத்தையும் உடலையும் இழக்கவேண்டாம். சில்டெனாபில் போன்ற மாத்திரைகளை வைத்தியரின் அறிவுரையின்றி வாங்கி விழுங்கவும் வேண்டாம். அவை இரத்த ஓட்டத்துக்கு உதவுவனவேயன்றி, இழந்த ஆசையை உண்டாக்குவன அல்ல. நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று வகை மருந்து எடுப்பவர் அவற்றையும் எடுத்தால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும்.

மூன்றாவதாக, எதிர்பார்ப்பில்லாத தொடுகையை வீட்டுக்குள் மீண்டும் வரவழையுங்கள். அருகில் அமர்ந்து தேநீர் பருகுவதும், கையைப் பற்றிச் செபமாலை சொல்வதும், களைத்த தோளைத் தடவிக்கொடுப்பதும் ‘வேறொன்றுக்கான’ முன்னுரையாக இருக்கவேண்டியதில்லை என்பதில் இருவரும் உடன்படுங்கள். அச்சம் நீங்கும்போது நாட்டம் துளிர்க்க இடம் உண்டாகும். வீட்டுவேலையைப் பகிர்வதும், கைத்தொலைபேசியைப் படுக்கைக்கு வெளியே வைப்பதும் இதில் அடங்கும்.

நான்காவதாக, பழைய காயங்கள் இருப்பின் பயிற்சிபெற்ற உளவளத்துணையாளரை நாடுங்கள். சேர்ந்து செபியுங்கள்; தோபித்து நூலில் தோபியாவும் சாராவும் மணவறையில் முதலில் செய்தது அதுவே. ஆனால் செபத்தை மருந்துக்கு மாற்றாக்காதீர்கள். வைத்தியரின் அறிவும் ஆண்டவர் தந்த கொடையே.

இத்தனைக்குப் பின்னும் நாட்டம் பழைய நிலைக்குத் திரும்பாத தம்பதியரும் உண்டு. அவர்களது திருமணம் குறைபட்டதன்று. மறைக்காமல் பகிர்ந்துகொண்ட இயலாமையிலும் ஓர் ஆழ்ந்த ஒன்றிப்பு உண்டு.

கானாவூர்த் திருமண வீட்டை நினைத்துப் பாருங்கள். விருந்தின் நடுவே திராட்சை இரசம் தீர்ந்துபோயிற்று. அன்னை மரியா மணமக்களைக் குறைகூறவில்லை. குறையை மூடிமறைக்கவும் இல்லை. உள்ளதை உள்ளபடி தம் மகனிடம் சொன்னார். பணியாளர்களோ தங்களால் இயன்றதைச் செய்தனர். ஆறு கற்சாடிகளில் தண்ணீரை நிரப்பினர். குறையை வாய்திறந்து சொல்வதும், இயன்ற தண்ணீரை நிரப்புவதுமே நமது பங்கு.

அந்தத் தம்பதியர் சேர்ந்தே வைத்தியரிடம் சென்றனர். மாத்திரைகள் மாற்றப்பட்டன, சீனியும் ஓரளவு கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையுமல்ல. ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் அந்தத் தாய் அருகில் வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: “சுவாமி, பாய் உள்ளுக்கு வந்திட்டுது.”

உங்கள் வீட்டிலும் ஒரு பாய் விறாந்தையில் கிடக்குமாயின், இன்றிரவே அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசத் தொடங்குங்கள். கானாவூருக்கு விருந்தினராய் வந்த ஆண்டவர் உங்கள் இல்லத்திலும் தங்கியிருந்து, உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.