ஆட்டக்காரர் ஆசிரியரான கதை



திருவண்ணாமலையில் பந்தாடும் பிள்ளைகள் திசை தடுமாறுவதில்லை. எந்த மைதானத்தில் நின்றாலும் மலை கண்ணுக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், அத்தகைய மைதானம் ஒன்றில் கால்பந்துக் குழுவைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லூரியில் முன்னணி வரிசையில் ஆடியவன் என்ற பெருமை எனக்கு நிரம்ப உண்டு. ஆதலால் பயிற்சி வேளை முழுவதும் பந்து என் காலிலேயே இருந்தது. நான் உதைத்துக் காட்டுவேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். பந்தய நாளன்று எங்கள் குழு தோற்றது. வலப்புறத்தில் ஆடிய சிறுவன் கண்ணீரோடு என்னிடம் வந்து, "நீங்கள் செய்யும்போது எல்லாம் புரிகிறது, சார். நான் ஓடும்போதுதான் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை" என்றான்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஆடத் தெரிந்தவனுக்கு ஆட்டுவிக்கவும் தெரியும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். உண்மையில் இரண்டும் வெவ்வேறு கலைகள். அவ்விரண்டிலும் தேர்ச்சி பெற்ற ஒருவரைப் பற்றியே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பிரதீப் குமார் பானர்ஜி. பி. கே. என்ற இரண்டு எழுத்துக்களே அவரை அடையாளம் காட்டப் போதுமானவை.

அவர் 1936-ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜல்பாய்குரிப் பகுதியில் பிறந்தார். பதினைந்து வயதிலேயே பீகார் மாநிலத்திற்காகச் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் ஆடினார். பின்னர்க் கல்கத்தா சென்று, 1955 முதல் கிழக்கு ரயில்வே அணியில் ஆடினார். கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று சங்கங்களே பெரியவை. அவற்றில் ஒன்றிலேனும் சேராமல் புகழ் பெறுவது அரிது. பி. கே. அம்மூன்றில் எதற்கும் ஒருநாளும் ஆடவில்லை. ஆயினும் 1958-இல் கல்கத்தா லீக் பட்டத்தைக் கிழக்கு ரயில்வே வென்றது. அதன்பின் அம்மூன்று சங்கங்களுக்குப் புறம்பான ஓர் அணி அப்பட்டத்தைப் பெற 2019-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்றால், அவ்வெற்றியின் அருமையை நீங்களே உணரலாம்.

வலப்புற முன்னணியில் விரைந்தோடிக் கோலடிப்பது அவர் ஆட்டம். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் அணித் தலைவராக நின்று, பிரான்சுக்கு எதிராகக் கோலடித்தார்; ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது. 1961-இல் கால்பந்துக்கான முதல் அர்ஜுனா விருது அவருக்கே வழங்கப்பட்டது.

ஆனால் அவருடைய பிற்காலத்தைப் புரிந்துகொள்ள, 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் அதே கொரியா மீண்டும் எதிரே நின்றது. இந்தியாமீது அப்போது மனக்கசப்புக் கொண்டிருந்த மாபெரும் கூட்டம் கொரியாவுக்காக ஆரவாரித்தது. இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்; புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. தற்காப்பு வீரரான ஜர்னைல் சிங், தலையில் தையல் போட்ட காயத்தோடு இருந்தார். தற்காப்பு நிலையில் ஆடினால் உயரப் பந்துகளைத் தலையால் தடுத்தே தீரவேண்டும். ரஹீம் அவரை முன்னணிக்கு அனுப்பினார். 17-ஆம் நிமிடத்தில் பி. கே. முதல் கோலை அடித்தார். சிறிது நேரத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்து நின்றார். இந்தியா 2–1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டிலேயே ரஹீம் மறைந்தார்.

தோற்ற அணியும் வென்ற அணியும் ஏறத்தாழ ஒன்றே, எதிரியும் ஒருவரே. வேறுபாட்டை உண்டாக்கியவற்றுள் ஒன்று, கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு மனிதரின் சிந்தனை. அதனைத் தம் கண்ணால் கண்டவர் பி. கே.

காயங்களால் 1967-இல் அவர் ஆடுவதை நிறுத்தினார். 1970-இல் பாங்காக்கில் இந்திய அணி வெண்கலம் வென்றபோது, ஜி. எம். எச். பாஷாவுடன் அவரும் பயிற்சிப் பொறுப்பில் இருந்தார். 1972-இல் ஈஸ்ட் பெங்கால் அணியை ஏற்றார். 1975 வரை ஆண்டுதோறும் கல்கத்தா லீக் பட்டம் அவ்வணிக்கே கிடைத்தது. 1975 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் மோகன் பகானை அவர் அணி 5–0 எனச் சிதறடித்தது. வியப்பு என்னவெனில், மறு ஆண்டே அவர் அந்த மோகன் பகானுக்குப் பயிற்சியாளராகச் சென்றார்! ஐந்து கோல் வாங்கிய அவமானம் ஆறாத அணியை எழுப்பி நிறுத்துவது எளிய செயலன்று. 1977 செப்டம்பரில் ஈடன் தோட்டத்தில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2–2 எனச் சமன் கண்டது. அந்தப் பருவத்தில் ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை, டூரண்டு கோப்பை மூன்றையும் அது வென்றது.

அவர் கையாண்ட கருவி யாது? ஒரு பங்கு சொல். ஆட்டத்திற்கு முன் அவர் பேசும் பேச்சைக் கல்கத்தா மக்கள் 'வோகல் டானிக்' என்றே அழைத்தனர். சொல்லால் ஊட்டும் மருந்து என்று அதற்குப் பொருள் கூறலாம். ஆனால் மருந்து ஆளுக்கு ஆள் வேறுபடும் அன்றோ? ஒருவனுக்கு ஊக்கம் வேண்டும். மற்றொருவனுக்குக் கண்டிப்பு வேண்டும். எவனுக்கு எது என்று அறிவதற்கு முதலில் அவனை அறிய வேண்டும். 1997 ஜூலை 13-ஆம் நாள், சால்ட் லேக் அரங்கில் சுமார் 1,31,000 பேர் கூடியிருக்க, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் பி. கே.யின் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4–1 என வென்றது. மூன்று கோலடித்த பைச்சுங் பூட்டியாவுக்கு வயது இருபது, பயிற்சியாளருக்கோ அறுபத்தொன்று.

அவருக்குத் தோல்வியே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. அந்த 1997 கோப்பையையே இறுதியில் சல்காவ்கர் அணி கொண்டுபோயிற்று. 1982 தில்லி ஆசியப் போட்டியில் அவர் பழக்கிய இந்திய அணி கால் இறுதியில் சவூதி அரேபியாவிடம் 0–1 எனத் தோற்றது. கோட்டுக்கு வெளியே நிற்பவரால் ஓடிச் சென்று பந்தைத் தடுக்க இயலாது. அதுவே அத்தொழிலின் துயரம்.

பிற நாடுகளிலும் இதுவே நிலை. தென் கொரியாவின் சா பும்-குன் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கில் 98 கோல்கள் அடித்த முன்னணி வீரர். அவர் பயிற்சியாளராகச் சென்ற 1998 உலகக் கோப்பையில், நெதர்லாந்திடம் 0–5 எனத் தோற்றதும், போட்டி முடியும் முன்பே பதவியிழந்தார். ஆயினும் மனம் தளராமல் மீண்டு வந்து, சுவோன் அணிக்கு 2004-லும் 2008-லும் கொரிய லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். நம் தமிழரான சைமன் சுந்தர்ராஜ், ரோமில் பி. கே.யோடு இந்திய அணியில் இருந்தவர். 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அவரே.

பி. கே. 2020 மார்ச் 20-ஆம் நாள் கொல்கத்தாவில் காலமானார்.

என் மைதானத்திற்கு வருவோம். அச்சிறுவனிடம் நான் உதைத்துக் காட்டுவதை நிறுத்தினேன். "பந்து உன்னிடம் வருமுன் எங்கே பார்த்தாய்?" என்று கேட்டேன். "பந்தைத்தான் பார்த்தேன், சார்" என்றான். பிழை காலில் இல்லை, கண்ணில் இருந்தது. பந்து வருமுன் ஒருமுறை எதிரியைப் பார். முதல் தொடுதலிலேயே அவனைவிட்டு விலக்கித் தட்டு. பிறகு நடுவில் நிற்கும் நண்பனைத் தேடு. ஒரு வாரத்துக்கு ஒன்றாக, மூன்று வாரம் இதனையே பழக்கினேன். அடுத்த பந்தயத்தில் அவன் தலை நிமிர்ந்து பார்த்தான். பந்து நடுவே சென்றது, கோல் விழுந்தது. நான் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். என்னை எவரும் பார்க்கவில்லை.

கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் ஊரில் இலட்சக்கணக்கானோர் அண்ணாந்து சுடரைக் காண்கின்றனர். 2,668 அடி உயர உச்சிக்குக் கொப்பரையையும் நெய்யையும் திரியையும் சுமந்து ஏறியவர்களின் முகம் கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. மாணவர்களே, உங்களில் நன்றாக ஆடுவோர் பலர் இருப்பீர்கள். நாளை மாலை உங்களைவிட இளைய ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு அது வந்துவிட்டதா என்பதைக் கொண்டே, உங்களுக்கு அது எவ்வளவு தெரியும் என்பது விளங்கிவிடும்.