தகட்டுக்குப் பின்னால் எரியும் விளக்கு

நம்மூரில் 2017 ஏப்ரல் முதல் வரும் புது இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கை அணைக்க முடியாது. கனடா 1989 டிசம்பரிலேயே புது கார், டிரக்குகளுக்கு இப்படியொரு விதி போட்டுவிட்டது: எஞ்சின் ஓடினால் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். நல்ல விதிதான். பனி தள்ளுகிறவர்களுக்கு மட்டும் அது ஒரு தலைவலியையும் சேர்த்துக் கொடுத்தது.

பிக்கப் டிரக்கின் முன்னால் இரும்புத் தகட்டை மாட்டிப் பனி தள்ளுவது அங்கே பலருக்குக் குளிர்காலப் பிழைப்பு. சாலையில் போகும்போது தகட்டைத் தூக்கியாக வேண்டும். தூக்கினால் அது முன்விளக்கை மறைக்கும். வெளிச்சம் தகட்டின் முதுகில் பட்டு ஓட்டுநரின் கண்ணையே கூசவைக்கும். அதனால் தகட்டின் சட்டத்தில் உயரமாக இன்னொரு ஜோடி விளக்கு வைப்பார்கள்.

ஒன்றை அணைத்து மற்றதை எரியவைக்க முன்பெல்லாம் ஒரு சுவிட்சும் சில ரிலேக்களும் போதும். பகல் விளக்கு வந்ததும் சிக்கல் தொடங்கியது. பல டிரக்குகளில் அதற்கென்று தனி பல்பு கிடையாது. ஹை பீம் பல்பையே மங்கலாக எரியவிடுவார்கள். சிலவற்றில் இரண்டு பல்புகளையும் தொடராக இணைத்து, 12 வோல்ட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரிப்பார்கள். வேறு சிலவற்றில் மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை வெட்டி வெட்டி அனுப்புவார்கள். முழு மின்னழுத்தத்துக்குப் பழகிய ரிலே இந்த அரைகுறை மின்சாரத்தில் ஒட்டவும் மாட்டாமல் விலகவும் மாட்டாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் அதன் முனைகள் கருகும்.

பிஷர், வெஸ்டர்ன் போன்ற தகட்டு நிறுவனங்கள் வண்டியின் மாடலுக்கு ஏற்ற மின்னணுப் பெட்டிகளை விற்பது இதனால்தான். விளக்கு மாற்றும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும். வேறு மாடலின் பெட்டியை மாட்டினால் பழைய கூத்தே திரும்பும்.

குறுக்கு வழிகளும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் பல டிரக்குகளில் பார்க்கிங் பிரேக் போட்டால் பகல் விளக்கு அணையும். நிறுத்தி வைத்திருக்கும்போது அது சரி. பிரேக்கை லேசாகப் போட்டுவிட்டு ஓட்டுவது மடத்தனம். ஃபியூஸைப் பிடுங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. தகட்டைக் கழற்றிய பிறகு அதைத் திரும்பச் செருக யாருக்கு நினைவிருக்கும்?

தகடு மாட்டியிருக்கும்போது ஹெட்லைட் சுவிட்சை முழுதாகப் போட்டுவிடுவதே எளிது. அப்போது பகல் விளக்கு தானே விலகிக்கொள்ளும், ரிலேவுக்கு முழு மின்சாரம் கிடைக்கும், பின்விளக்கும் எரியும். பகல் விளக்கு மட்டும் எரியும் வண்டிகள் பலவற்றில் பின்புறம் இருட்டாகவே கிடக்கும். பனிப்புழுதியில் பின்னால் வருபவருக்கு அப்படியொரு வண்டி இருப்பதே தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்கக் கனடா 2021 செப்டம்பரில்தான் புது வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது.